எண் கூவும் ஃபீன்

எங்கள் ஊர் லாம்பெர்கெமில் ஃபீனைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். "ஆம்பளைங்க பின்பக்கத்தைப் பார்த்தே பேரைச் சொல்லிடுவா" என்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இருபத்திரண்டு வருஷம் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவன் நான். பெயர் ரெமி, தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். அவளைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்தவனெல்லாம் மதுக்கடையில் கதை அளக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு க்ராஸ்தான், சேற்றில் ஓட்டுகிற சைக்கிள் பந்தயம். நவம்பரில் மாடுகள் தொழுவத்துக்குள் போய்விடும், மேய்ச்சல் நிலம் காலியாகக் கிடக்கும். கம்பு நட்டு, நாடா கட்டி, இரண்டு பலகையைக் குறுக்கே வைத்தால் பந்தயப் பாதை தயார். ஐம்பது நிமிஷம் சுற்றிச் சுற்றி வர வேண்டும். பாதி நேரம் சைக்கிள்மேல் பையன், மீதி நேரம் பையன் தோள்மேல் சைக்கிள். கடைசிப் பந்தயம் பிப்ரவரியில், ஃபீனின் நிலத்தில். கால்வாய்ப் பக்கம் சரிகிற நிலம் அது. மழை பெய்தால் அடிவாரத்தில் முழங்கால் வரை புதையும். பந்தயம் முடிந்ததும் அந்த நிலத்தைப் பார்த்தால் பன்றி கிளறிய மாதிரி இருக்கும். ஃபீன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள், ஏப்ரலில் புது விதை தூவிவிடுவாள்.

பெரிய பந்தயங்களில் காலில் ஏதோ மின்னணுச் சில்லைக் கட்டி அனுப்புகிறார்களாம், முடிவுக் கோட்டைத் தாண்டினால் கணினியே எழுதிக்கொள்ளுமாம். எங்களுடையது வேலைக்குப் போகிற பையன்களின் பந்தயம். எங்களிடம் ஃபீன் இருந்தாள்.

கோட்டுக்குப் பக்கத்தில் பீட்ரூட் கிழங்கு ஏற்றுகிற ட்ரெய்லரை நிறுத்தி, மேலே தார்ப்பாய் கட்டி, இரண்டு நாற்காலி போடுவோம். ஒருத்தர் கூவ வேண்டும், ஒருத்தர் எழுத வேண்டும். கூவுகிறவர் கண் புல்லை விட்டு நகரக் கூடாது, எழுதுகிறவன் கண் தாளை விட்டு நகரக் கூடாது. பந்தயம் நடக்கும்போது ஏதோ ஒரு வருஷம் நான் ஒண்ணுக்குப் போக எழுந்தேன். "உட்காருய்யா, கால்சட்டையிலேயே போ" என்று போட்டாளே ஒரு அதட்டல்! அடுத்தடுத்து நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு சுற்றுக்கு ஒரு வரிசை. அவள் கூவிய எண் தாளில் ஏறும். தாளில் ஏறியதுதான் பந்தயம். அடையாளம் தெரியாமல் யாராவது போனால் "தெரியல!" என்று கூவுவாள், நான் கேள்விக்குறி போடுவேன். எல்லாம் முடிந்து நடுவர் கையெழுத்துப் போடும் வரைக்கும் கூவினவர் வாயால் அந்தக் கேள்விக்குறிக்கு எண் சொல்லலாம். வேறு யார் சாட்சி சொன்னாலும் செல்லாது. ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு ஊர்க்காரனும் தன் ஊர்ப் பையனுக்காகக் கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் பண்ணுவான்.

அவள் இந்த நாற்காலிக்கு வந்த கதையே வேடிக்கை. அப்போதெல்லாம் அவள் பட்டாணி சூப் ஊற்றிக் கொடுப்பவள். அந்த வருஷம் சேறு படு மோசம். எண் அட்டை, முகம், சட்டை எல்லாம் ஒரே நிறம். அன்றைக்குக் கூவிக்கொண்டிருந்த பெரியவர் "பன்னிரண்டு!" என்றார். சூப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "பன்னிரண்டா? அது ஒன்பது! இடது இடுப்பு இறங்குது பாருங்க, கண்ணு எங்க இருக்கு?" கழுவிப் பார்த்தால் ஒன்பதுதான். அடுத்த வருஷம் கரண்டியைப் பிடுங்கிவிட்டு அவளை மேலே ஏற்றிவிட்டார்கள்.

"எப்படி ஃபீன் கண்டுபிடிக்கிற?" என்று கேட்டிருக்கிறேன்.

"என்கிட்ட நாற்பத்தெட்டு மாடு இருக்கு. பால் கறக்க வர்றப்போ பின்னாடியிலிருந்துதான் பார்க்கறேன். ஒரு தடவையாவது மாத்திக் கூப்பிட்டிருக்கேனா? இவனுங்க வெறும் முப்பது பேர்."

இதுதான் ஃபீன். புருஷன் கமீல் பதினோரு வருஷத்துக்கு முன்னால் தொழுவத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். இரண்டு பெண்கள், கல்யாணமாகி நகரத்துக்குப் போனார்கள். வீட்டில் மிச்சம் கடைசிப் பையன் லாண்டர். காலை ஐந்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் பால் கறக்க வேண்டும். வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும். அறுபத்திரண்டு வயதில் இரண்டு முழங்காலும் போச்சு. ஒன்றுக்கு ஆபரேஷன் ஆயிற்று, இன்னொன்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். தனியாகச் சமாளிக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மாட்டுக்கும் தெரியும்.

லாண்டருக்கோ சைக்கிள். இருபத்து மூன்று வயது. நன்றாகத்தான் ஓட்டினான், சும்மா சொல்லக் கூடாது. மூக்கு ஹேண்டில்பாரைத் தொடுகிற மாதிரி குனிந்து, இரண்டு முழங்கையையும் வெளியே விரித்துக்கொண்டு, தோளை ஆட்டி ஆட்டி ஓட்டுவான். அந்தத் தோள் ஆட்டத்தைக் கால் மைல் தள்ளியிருந்தே ஃபீன் கண்டுபிடித்துவிடுவாள். அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து மாகாணத்துக் குழு ஒன்று அவனைக் கவனிக்க ஆரம்பித்தது. சின்னக் குழுதான். "கடைசிப் பந்தயத்துல முதல் அஞ்சுக்குள்ள வா, ஏப்ரல்ல எங்ககிட்ட வந்துடு" என்று சொல்லிவிட்டார்கள்.

இதை அவன் வீட்டில் சொன்னபோது நான் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஃபீன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"அஞ்சுக்குள்ள வந்தா போ," என்றாள். "வரலைன்னா சைக்கிளை ஆணியில மாட்டு. மாட்டைப் பாரு. இன்னொரு வருஷம் இன்னொரு வருஷம்னு என்னை இழுத்தடிக்கக் கூடாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் மேசைக்கு மேல் கையை நீட்டினான். அவள் ஈரக் கையாலேயே அதைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்கு மட்டும் ஒன்று புரிந்தது. அவன் ஆறாவதாக வர வேண்டும் என்றுதான் அவள் உள்மனசு வேண்டிக்கொண்டிருந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஞாயிறு காலையிலிருந்தே மழை. பத்து மணிக்கே பாதையில் பாதி தண்ணீருக்கு அடியில். மைக் பிடித்து வர்ணனை சொல்கிற ஆளின் ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிப் போனது. "இனி தொண்டைதான்" என்று சொல்லிவிட்டு அவர் பியர் கூடாரத்துக்குள் போய்விட்டார், வெளியே வரவேயில்லை. ஆக, பாதையின் அந்தக் கோடியில் என்ன நடக்கிறது என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. சைக்கிள் மாற்றுகிற இடம் அங்கேதான், கால்வாய்க் கரைக்குக் கீழே. சேறு அப்பின சைக்கிளைக் கொடுத்துவிட்டுக் கழுவின சைக்கிளை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். லாண்டருக்கு அங்கே நின்றது அவன் சித்தப்பா மகன் குஸ்ட்.

இருபத்தாறு பேர் புறப்பட்டார்கள். முதல் சுற்றிலேயே பாதிப் பேர் மண் பொம்மை. ஃபீன் போர்வையை முழங்காலில் சுற்றிக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எட்டு. பதினேழு. முப்பத்தொண்ணு."

முப்பத்தொன்று லாண்டர். இரண்டாம் சுற்றிலும் மூன்றாவது, மூன்றாம் சுற்றிலும் மூன்றாவது. அவன் எண்ணைக் கூவும்போது அவள் குரலில் ஒரு மாற்றமும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் எண்ணைச் சொல்கிற மாதிரிதான் சொல்வாள். அது அவள் கர்வம்.

நான்காம் சுற்று முடிகிற நேரம்.

"எட்டு. பதினேழு." நான் எழுதிவிட்டு அடுத்ததற்குப் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். "இருபத்திரண்டு," என்றாள்.

எழுதினேன். பிறகுதான் உறைத்தது.

"அஞ்சு. நாற்பத்தி நாலு." குரல் அப்படியே இருந்தது. ஆனால் அவள் இடது கை என் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டது. "ஒன்பது. தெரியல!"

கேள்விக்குறி போட்டேன். "யாரு?"

"எவனோ. நிமிர்ந்து சாக்கு மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கான். விலகினவன் எவனாவது கடன் சைக்கிள்ல சுத்தறானோ என்னவோ. எழுது, எழுது. பதினாலு. முப்பது."

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசி ஆள் வரைக்கும் வந்துவிட்டார்கள். முப்பத்தொன்று வரவில்லை.

"சைக்கிள் பழுதா இருக்கும் ஃபீன்," என்றேன்.

"பேசாதே."

"குஸ்ட் அங்க இருக்கான் இல்ல..."

"ரெமி, வாயை மூடிட்டுத் தாளைப் பாரு."

அந்தக் கரைச் சரிவில் போன வருஷம் ஒருவன் தலைகுப்புற விழுந்து, மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளுக்கும் அதுதான் நினைவுக்கு வந்திருக்கும். எழுந்து ஓட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்திருக்கும். ஆனால் கூவுகிறவள் எழுந்தால் பந்தயம் செத்தது. இருபத்தாறு பேர் பாடும் வீண். அவள் எழவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயிருந்தன.

ஐந்தாம் சுற்று. "எட்டு. இருபத்திரண்டு. பதினேழு. அஞ்சு. நாற்பத்தி நாலு. ஒன்பது." ஒரு மூச்சு இழுத்தாள். "தெரியல! அதே ஆளு. ஒரு கையை சட்டைக்குள்ள விட்டுக்கிட்டு ஓட்டறான், என்ன கூத்து இது."

முப்பத்தொன்று இல்லை.

நாடாவுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்த ஒருத்தியிடம், கண்ணைப் புல்லிலிருந்து எடுக்காமலே, "கரைப்பக்கம் யாராவது விழுந்தாங்களா? போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்றாள். அந்தப் பெண் ஓடினாள். அந்தச் சேற்றில் போய்விட்டு வர அவளுக்குக் கால் மணி நேரமாவது ஆகும்.

ஆறாம் சுற்று முடிகிறபோது கடைசிச் சுற்றுக்கான மணியை அடித்தார்கள். ஒன்பதாம் எண் பையன் சங்கிலி அறுந்து நின்றுவிட்டான். "எட்டு. இருபத்திரண்டு. பதினேழு. அஞ்சு. நாற்பத்தி நாலு. தெரியல!" அந்தக் கேள்விக்குறி இப்போது ஆறாவது இடத்தில். ஃபீனின் கன்னத்தில் மழையா வேறெதுவா என்று எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் கம்பி மாதிரி நின்றது. நான் என் ஆயுளில் அவ்வளவு பயந்ததில்லை.

கடைசிச் சுற்று. நாலு பேர் போனார்கள். அதற்குப் பிறகு மேட்டில் இரண்டு மண் உருவங்கள் சேர்ந்தாற்போல் ஏறி வந்தன. ஒன்று நாற்பத்து நாலு, கால்வாய்க்கு அந்தப்பக்கத்து டோங்க்வெல்டே ஊர்ப் பையன் பாவோ. இன்னொன்று அந்தச் சாக்கு மூட்டை. சைக்கிளை வலது தோளில் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தான் மூட்டை. பாவோ சைக்கிளிலேயே ஏறப் பார்த்துச் சறுக்கினான். மூட்டை கோட்டைத் தாண்டிவிட்டுச் சைக்கிளோடு குப்புற விழுந்தான்.

"தெரியல! நாற்பத்தி நாலு!"

ஐந்தாவது இடத்தில் கேள்விக்குறி. எழுதிவிட்டேன்.

முதலுதவிப் பெண்கள் இரண்டு பேர் ஓடிப்போய் அவனைப் புரட்டினார்கள். ஒருத்தி வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றினாள். எங்களுக்கும் அவனுக்கும் இருபதடி தூரம் இருக்கும். சேறு வழிந்து முகம் வெளியே வந்தது.

லாண்டர்.

ஃபீன் அவனைப் பார்த்தாள். மூன்று விநாடி பார்த்திருப்பாள். அப்புறம் கண்ணைத் திருப்பிக்கொண்டு புல்லைப் பார்த்தாள். "பதினாலு," என்றாள். "முப்பது. இருபத்தாறு." கடைசி ஆள் வரும் வரைக்கும் கூவினாள்.

எல்லாம் முடிந்ததும்தான் கரைப்பக்கம் போன பெண் விஷயத்தோடு வந்து சேர்ந்தாள். நாலாம் சுற்றில் கரைச் சரிவில் விழுந்தானாம். இடது தோளெலும்பில் கீறல். கையைத் தூக்க முடியவில்லை, குனிய முடியவில்லை. கையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, குஸ்டின் குட்டைச் சைக்கிளை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தே ஓட்டியிருக்கிறான். அன்றைக்கு அந்தச் சேற்றில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன்தான் பிழைத்தான், கால் இரண்டும் நன்றாக இருந்தால் போதும்.

நான் குரலைத் தாழ்த்தினேன். "ஃபீன், கேள்விக்குறிக்கு மேல முப்பத்தொண்ணுன்னு கிறுக்கிடறேன். ஈரத் தாளு, யாருக்கும் தெரியாது."

"தாள்ல கை வச்சே, விரலை ஒடிப்பேன்."

அதற்குள் டோங்க்வெல்டே சங்கத்து ஹெக்டர் ட்ரெய்லருக்குக் கீழே வந்து நின்றுவிட்டான். பாவோவின் மாமன். தொண்டை பெரிசு, ஆனால் கெட்டவன் இல்லை.

"ரெமி, தாளைக் காட்டு. இந்தப் பையனை மூணு சுத்துல யாரும் கூவல. நான் இங்கேதான் நின்னேன், என் காதால கேட்டேன். நடுவுல உட்கார்ந்து இளைப்பாறிட்டுக் கடைசிச் சுத்துல வந்து சேர்ந்திருந்தா? எங்க பாவோ ஏழு சுத்தும் ஓட்டினவன்!"

"குஸ்ட் சைக்கிள் கொடுத்தானே!" என்று எங்கள் ஊர்க்காரன் ஒருவன் கத்தினான்.

"குஸ்ட் யாரு? அவன் சொந்தம். நாளைக்கு ஃபீனோட மாட்டையும் சாட்சிக்குக் கூப்பிடுவீங்களா?"

விலகினவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் எண்ணும் நாலாம் சுற்றிலிருந்து தாளில் இல்லை. எப்போது விலகினான் என்றே யாருக்கும் தெரியாது, வீட்டுக்குப் போய்விட்டான். அந்தக் கேள்விக்குறி அவனாகக்கூட இருக்கலாம். ஹெக்டர் கேட்டதில் தப்பே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கால்பந்து சங்கத்துச் சிற்றுண்டி அறையில் நடுவர் ஆல்பெரிக் மேசையில் தாளை விரித்தார். ஈரக் கோட்டும் வறுத்த உருளைக்கிழங்கும் சேர்ந்து வாடை அடித்தது. ஊரே உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. ஆல்பெரிக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஃபீனம்மா, விதி உங்களுக்கே தெரியும். நான் இன்னும் கையெழுத்துப் போடல. நாலு, அஞ்சு, ஆறு, மூணு சுத்துலயும் கேள்விக்குறி இருக்கு. அது முப்பத்தொண்ணுன்னு உங்களால சொல்ல முடியுமா? யோசிச்சுச் சொல்லுங்க. இப்ப முகத்தைப் பார்த்துட்டுச் சொல்றது கணக்கில்ல. அந்த நேரத்துல, உங்க முன்னாடி போறப்போ, உங்களுக்கு அடையாளம் தெரிஞ்சுதா?"

பியர் ஊற்றுகிறவன்கூடக் குழாயை மூடிவிட்டான்.

நான் அவள் முகத்தையே பார்த்தேன். உண்மை என்னவென்று அந்த அறையில் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். "தெரியல" என்று சொன்னால் போதும். அது உண்மை, நூற்றுக்கு நூறு உண்மை. ஒரு வார்த்தை உண்மை சொன்னால் பையன் வீட்டுக்கு வந்துவிடுவான். நாளைக் காலை ஐந்து மணிக்குத் தொழுவத்தில் நிற்பான். முழங்கால் ஆபரேஷனுக்குப் போகலாம். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது, பெற்ற பிள்ளைக்காகக்கூட நாக்கைப் புரட்டாத ஃபீன் என்று ஊரே மெச்சும். அவள் ஆசைப்பட்டதெல்லாம் மடியில் வந்து விழக் காத்திருந்தது.

"தெரிஞ்சுது," என்றாள் ஃபீன்.

எனக்குக் காது அடைத்தது.

"தெரிஞ்சுதா?" என்றார் ஆல்பெரிக்.

"மூணு தடவையும் தெரிஞ்சுது. அவன்தான். என் பையன்."

"அப்புறம் ஏன் தெரியலன்னு கூவினீங்க?"

"பயந்துட்டேன்." மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கையைச் சட்டைக்குள்ள செருகிக்கிட்டு வந்தான். எண்ணைச் சொன்னா அழுதுடுவேன்னு தோணுச்சு. அழுதா கண்ணு மறைச்சிடும். மத்தவங்களை விட்டுடுவேன். அதான்."

கூட்டத்தில் சலசலப்பு. எல்லாரும் ஹெக்டரைப் பார்த்தார்கள். பெற்றவள் வேறென்ன சொல்வாள் என்று அவன் ஒரு கத்துக் கத்தியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி," என்றான் கடைசியில், "இதே கோட்டுல, டயர் அகலம்தான் வித்தியாசம். இவங்க பையனுக்கும் எங்க பாவோவுக்கும். யாராலும் சொல்ல முடியல. இவங்கதான் பாவோன்னு கூவினாங்க. சொந்தப் பிள்ளையை ரெண்டாவதா தள்ளிட்டு." மூக்கை உறிஞ்சினான். "ஃபீன் பார்த்தேன்னா, பார்த்ததுதான். நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

அந்த மடையன் நல்லவனாக இருந்து தொலைத்தான். ஃபீன் தலையைத் தூக்கவேயில்லை. அவன் திட்டியிருந்தால் அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஆல்பெரிக் பேனாவை எடுத்து மூன்று கேள்விக்குறிக்கும் மேலே எழுதினார், கடைசிச் சுற்றிலும் எழுதினார். ஐந்தாவது: முப்பத்தொன்று. கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மூடிக்கொண்டு, அவளை நேராகப் பார்க்காமல் சொன்னார். "ஃபீனம்மா, ஒரு விஷயம். தெரிஞ்சும் தெரியலன்னு கூவினவங்களை அந்த நாற்காலியில மறுபடி உட்கார வைக்க முடியாது. உங்களுக்கே புரியும்."

"புரியுது."

"இருபத்திரண்டு வருஷம்... எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

"புரியுதுன்னு சொல்லிட்டேனே, விடுங்க."

நான் வாயைத் திறந்தேன். அவள் என் காலை மிதித்தாள், நன்றாக அழுத்தி. மூடிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. "உனக்கு மூளை குழம்பிடுச்சா? நாற்காலியும் போச்சு, பையனும் போறான். நாற்பத்தெட்டு மாட்டை எவன் பார்ப்பான், நானா?"

"அவன் மூணு சுத்து ஒத்தைக் கையோட ஓட்டியிருக்கான் ரெமி. அது நடந்தது. எனக்குத் தெரியலங்கறதுக்காக நடக்கலன்னு ஆயிடுமா?"

"அதுக்காக நீ..."

"எனக்கு அவன் வீட்டுலயே இருக்கணும். அவ்ளோ ஆசை. அந்த ஆசையோட உட்கார்ந்திருந்தேன், அதனாலதான் கண்ணு அவிஞ்சு போச்சோ என்னவோ. யாருக்குத் தெரியும்?" புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அஞ்சாவது வந்தவனை அஞ்சாவதுன்னு எழுதணும். அவ்ளோதான். நீ சும்மா வா."

முதலுதவிக் கூடாரத்தில் லாண்டர் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கையைத் தூளியில் கட்டியிருந்தார்கள். உதடெல்லாம் நீலம். குஸ்ட் அதற்குள் ஓடிவந்து எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறான்.

"ம்மா, அஞ்சாவதாமே!"

"ஆமா. கையை ஆட்டாதே."

"ஏப்ரல்ல போகலாமா?"

"கையைக் குலுக்கிட்டேனே, அப்புறம் என்ன கேள்வி." அவன் காதுக்குள் இருந்த சேற்றைக் கைக்குட்டை நுனியால் நோண்டினாள். குழந்தை மாதிரி தலையைச் சாய்த்துக் கொடுத்தான்.

"ம்மா, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"ஒவ்வொரு சுத்துலயும் அந்த மேடு ஏறும்போது வலி உயிர் போச்சு. நிறுத்திடலாம்னு தோணும். நீ என் எண்ணைக் கூவறதைக் கேட்டுட்டு நிறுத்திக்கலாம்னு வருவேன். நீ 'தெரியல'ன்னு கத்துவ." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "என்னைப் பார்த்துக்கிட்டே கத்தின. எனக்கு அந்த எலும்பு வலியே பரவால்லன்னு ஆயிடுச்சும்மா. அப்புறம்தான் குஸ்ட் சொன்னான், உனக்கு முதல்லயே தெரியும்னு. பயத்துல சொல்லலன்னு."

கைக்குட்டை நின்றது. நான் கூடாரத்து ஓரத்தில் சூப் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நிஜமாவே தெரிஞ்சுதா ம்மா?"

"பெத்தவளுக்குத் தெரியாதாடா," என்றாள் ஃபீன். "முதல் தடவையே தெரிஞ்சுது."

அவன் கண்ணை மூடிக்கொண்டு அவள் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது, வலிக்கும் என்று தெரிந்தும் அழுதான். அவள் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மணி நாலரை ஆயிற்று, மாடு கத்த ஆரம்பித்துவிடும் என்று சொல்லிவிட்டு அவள் தொழுவத்துக்குப் போனாள்.